குரங்கு காட்டிய வழி!

குட்டீஸ்... எலும்பு என்றால் வெறும் கெட்டியான கல் மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே ஒரு தொழிற்சாலையே ஓடுகிறது! எலும்பு மஜ்ஜை என்பது அதன் பெயர். நல்லி எலும்பை உறிஞ்சும்போது கொழகொழவென்று வருமே, அதேதான். எலும்பைக் கட்டும் செல்கள் உருவாகும் மூலச் செல்கள் அங்கே இருக்கின்றன. ரத்தச் சிவப்பணுக்கள் பிறப்பதும் அங்கேதான். விநாடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்கள்! திருப்பூரின் அத்தனை பனியன் கம்பெனிகளும் சேர்ந்தாலும் இந்த வேகம் வராது.

இந்தத் தொழிற்சாலை சிலருக்கு ஏன் தடுமாறுகிறது என்று தேடி நம் நாட்டுக்கு வந்தவர் டாக்டர் லூசி வில்ஸ்.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகருக்கு அருகே 1888 மே 10ல் பிறந்தார். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் படித்தார். தேர்வு எழுதலாம், ஆனால் பெண்களுக்குப் பட்டம் கிடையாது என்பது அங்கே அன்றைய சட்டம். என்ன நியாயமோ! 1914ல் முதல் உலகப் போர் தொடங்கியபோது தென்னாப்பிரிக்காவில் இருந்தார். அங்கே மருத்துவமனையில் நர்ஸ் வேலைக்குத் தொண்டராகப் போனார். ஊர் திரும்பி மருத்துவம் படித்து 1920ல் டாக்டரானார்.

1928ல் பம்பாய் வந்தார். அப்போது பம்பாய் பஞ்சாலைகளின் நகரம். ஆலைகளில் பாடுபட்ட ஏழைப் பெண்கள் பலர் கர்ப்பமாக இருக்கும்போது முகம் வெளிறி, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கி, பிரசவத்தில் இறந்துபோனார்கள். கடுமையான ரத்தசோகை! அவர்களின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார் லூசி. சிவப்பணுக்கள் குறைவாக இருந்தன. ஆனால் இருந்தவையோ வழக்கத்தைவிடப் பெரிது பெரிதாக இருந்தன!

இது ஏன் என்று இன்று நமக்குத் தெரியும். பனியன் கம்பெனியை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டிங் மேஜையிலிருந்து துணி வந்துகொண்டே இருக்கிறது. தைக்க நூல் இல்லை. என்ன ஆகும்? தைக்காத துணி மலையாகக் குவியும். பெட்டியில் போட ஒரு பனியன்கூட இருக்காது. மஜ்ஜையிலும் இப்படித்தான். ஒரு செல் இரண்டாகப் பிரிய ஒரு சத்து வேண்டும். அது இல்லாவிட்டால் செல் பிரியாமல் பருத்துக்கொண்டே போகும். பாதி வேலையிலேயே பல செல்கள் அழிந்துவிடும். மஜ்ஜை நிரம்பி வழியும், ரத்தமோ வற்றும்.

லூசிக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. கிருமியாக இருக்குமோ என்று தேடினார். இல்லை. அப்புறம்தான் அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். காய், பழம், புரதம் எல்லாமே ரொம்பக் குறைவு. அதே உணவை எலிகளுக்குக் கொடுத்தார். எலிகளுக்கும் ரத்தசோகை வந்தது! கண்டுபிடித்தாயிற்று என்று பார்த்தால், எலிகளின் பேன் பரப்பிய ஒரு கிருமியும் அதற்குக் காரணமாக இருந்தது. போச்சு!

1929ல் சில மாதங்கள் நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஆய்வைத் தொடர்ந்தார். திருப்பூரிலிருந்து மேட்டுப்பாளையம் போய் மலை ரயில் ஏறினால் வருமே, அதே குன்னூர்தான்.

எலிகளை அடுத்து குரங்குகள். மோசமாகச் சோர்ந்து கிடந்த ஒரு குரங்குக்கு மார்மைட் கொடுத்துப் பார்த்தார். பீர் தயாரித்தபின் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் கரும்பழுப்புப் பசை அது. ரொட்டியில் தடவிச் சாப்பிடுவார்கள். குரங்கு மளமளவென்று தேறியது! கர்ப்பிணிகளுக்கும் கொடுத்தார். அவர்களும் தேறினார்கள். அந்தக் காலத்தில் ரத்தசோகைக்குக் கொடுத்த ஈரல் சாறு விலை அதிகம், மார்மைட் மலிவு. 1931ல் இதை உலகுக்கு அறிவித்தார். அந்த வருடம் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் பணிபுரிந்தார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தி பெயரில் இருக்கும் அரசு மருத்துவமனைதான் அது.

மார்மைட்டில் இருந்த அந்தச் சத்து எது? யாருக்கும் தெரியாததால் 'வில்ஸ் பொருள்' என்றே அழைத்தார்கள். 1941ல் அமெரிக்க விஞ்ஞானிகள் டன் கணக்கில் கீரையை அரைத்து ஒரு சத்தைப் பிரித்து எடுத்தார்கள். லத்தீனில் இலைக்கு ஃபோலியம் என்று பெயர். அதனால் அது ஃபோலிக் அமிலம் ஆனது. லூசி தேடியதும் இதுதான்! 1945ல் இதைச் செயற்கையாகத் தயாரித்த குழுவுக்கு வழிகாட்டியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

லூசி ஒரு ஊர்சுற்றி. 1937ல் தண்ணீரில் இறங்கும் விமானத்தில், வழியெல்லாம் நின்று நின்று, 5 நாள் பறந்து மறுபடி இந்தியா வந்தார். லண்டனில் ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில்தான் போவார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1964 ஏப்ரல் 16ல் காலமானார்.

பள்ளியில் பெரிய வகுப்பு அக்காக்களுக்கும் அண்ணன்களுக்கும் வாரம் ஒரு நீல மாத்திரை தருகிறார்களே, அதில் இரும்புச்சத்தோடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. ஒரு கடுகின் எடைகூட வராது!