தமிழ்த் திரையின் முதல் கதாநாயகி

1931-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி. வடசென்னை "கினிமா சென்ட்ரல்" தியேட்டரில் ஒரே கூட்டம். தமிழ் பேசிய முதல் படமான "காளிதாஸ்" அன்றுதான் வெளியானது. பம்பாயில் இருந்து வந்த படப்பெட்டியை வால்டாக்ஸ் ரோடு வழியாக மக்கள் ஊர்வலமாகப் பின்தொடர்ந்தார்கள். தேங்காய் உடைத்தார்கள். கற்பூரம் கொளுத்தினார்கள்.

அந்தப் படத்தின் கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி.

நிலைக்காத திருமணம்

இவர் 1911-ல் திருவையாற்றில் பிறந்தார். தந்தை கர்ணம். சிறு வயதிலேயே ராஜலட்சுமிக்குத் திருமணம் செய்து வைத்தார்கள். அது நிலைக்கவில்லை. தந்தையும் இறந்து போனார். பிழைப்புத் தேடித் தாயும் மகளும் திருச்சிக்குச் சென்றார்கள்.

ராஜலட்சுமிக்கு இனிய குரல். அந்தக் குரலே சோறு போட்டது. சாமண்ணா நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். பெண் வேடத்தையும் ஆண்களே போட்டு வந்த காலம் அது. நாடகம் ஆடும் பெண்ணை ஊர் ஏளனமாகப் பார்த்தது. அவர் அஞ்சவில்லை.

நாயகி தமிழ், நாயகன் தெலுங்கு!

"காளிதாஸ்" படத்தை எச்.எம்.ரெட்டி டைரக்ட் செய்தார். ராஜலட்சுமி தமிழில் பேசினார். கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்னார்! வெள்ளையர் ஆட்சியில், புராண காலக் கதைக்கு நடுவே காந்தியின் ராட்டினத்தைப் போற்றிப் பாடினார் ராஜலட்சுமி. கதைக்கும் பாட்டுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் ரசிகர்கள் மகிழ்ந்தார்கள்.

பெண் டைரக்டர்

"கமலவல்லி" என்பது அவர் எழுதிய நாவல். அதை 1936-ல் "மிஸ் கமலா" என்ற பெயரில் படமாக்கினார். கதை, தயாரிப்பு, டைரக்ஷன் மூன்றும் அவரே. கதாநாயகியும் அவரே. தென்னிந்தியாவின் முதல் பெண் டைரக்டர் என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது.

"சினிமா ராணி" என்று புகழப்பட்ட ராஜலட்சுமி, 1964-ல் காலமானார். வாழ வழியின்றி மேடை ஏறிய பெண், பின்னால் வந்த நடிகைகளுக்கெல்லாம் வழி காட்டிச் சென்றார்.