தலைமறைவிலிருந்து தலைமைக்கு: கலாநிதி என். எம். பெரேரா

மலைநாட்டுத் தோட்ட மக்களின் வரலாற்றோடு பிணைந்த தலைவர்கள் எல்லோரும் நம் மொழி பேசியவர்கள் அல்லர். அவ்வகையில் இளைஞர் அறிந்திருக்க வேண்டிய ஒருவர் கலாநிதி என். எம். பெரேரா.

1905ஆம் ஆண்டிற் பிறந்த அன்னார், லண்டன் பொருளியற் கல்லூரியில் உயர்பட்டங்கள் பெற்று நாடு திரும்பினார். 1934, 35இல் மலேரியாக் கொள்ளைநோய் பரவிய காலை, கேகாலைக் கிராமங்களில் மருந்தும் பருப்பும் சுமந்து சென்று மக்களைப் பேணினார். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவியோருள் ஒருவரானார். மறு ஆண்டே ருவான்வெல்லைத் தொகுதியினின்றும் அரசாங்க சபைக்குத் தெரிவானார்.

துரைமாரின் அனுமதியின்றித் தோட்டத்துள் வெளியார் நுழைய முடியாத காலம் அது. அக்காலத்திலேயே சமசமாஜிகள் தோட்டத் தொழிலாளரிடையே சங்கம் அமைத்தனர். 1940 ஜனவரியில், ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர் நீத்தார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில், யுத்தத்தை எதிர்த்து நின்ற பெரேராவும் தோழர்களும் சிறைப்பட்டனர்.

1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு வீசின. அந்தக் குழப்ப நாள்களில், காவலர் ஒருவரின் துணையோடு அவர்கள் கண்டிப் போகம்பறைச் சிறையினின்றும் தப்பினர். சட்டசபை உறுப்பினராயிருந்தவர் மாற்றுப் பெயரில் மறைந்து வாழ்ந்தார். கடல் கடந்து இந்தியா சேர்ந்தார். 1943இல் பம்பாயிற் பிடிபட்டு, மீண்டும் இலங்கைச் சிறை புகுந்தார்.

விடுதலைக்குப்பின் 1947இல் பாராளுமன்றம் சென்றார். அத்தேர்தலில் தோட்ட மக்கள் தம் பிரதிநிதிகள் எழுவரைத் தெரிந்ததோடு, வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் வாக்களித்தனர். அதன் பயனை விரைவிலே கண்டனர்: 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. அதை எதிர்த்தவர்களுள் பெரேரா முக்கியமானவர். பின்னர் அவர் கொழும்பு மேயராகவும், 1956 முதல் எதிர்க்கட்சித் தலைவராகவும் விளங்கினார்.

1964 ஜூனில் நிதியமைச்சரானார். அவ்வாண்டு அக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என நம் மக்கள் அவர்தம் விருப்பம் கேளாமலே பங்கிடப்பட்டனர். 1948இல் எதிர்த்து நின்றவர் அந்த அமைச்சரவையில் அமர்ந்திருந்தார். 1970 முதல் 1975 வரை மீண்டும் நிதியமைச்சர். அக்காலத்திலேதான், 1973, 74இல், உணவுத் தட்டுப்பாட்டால் தோட்டங்களில் பட்டினிச் சாவு நேர்ந்தது. மாவுக்கும் அரிசிக்கும் வரிசையில் நின்றதை நம் முதியோர் இன்றும் மறந்தாரில்லர்.

1979 ஆகஸ்டில் பெரேரா மறைந்தார். நாடற்றோராய் எஞ்சியிருந்த நம்மவர்க்குப் பிரஜாவுரிமை வழங்கிய சட்டம் 2003இலேதான் வந்தது.

அன்னாரது துணிவையும் கல்வியையும் நாம் போற்றுகிறோம். நமக்கு வாக்கில்லாத நாளில் நமக்காக எழுந்த குரலை மறப்பது நன்றியன்று. ஆனால், ஆட்சிக்கு வெளியே நின்ற காலத்தைக்கொண்டு மட்டும் ஒரு தலைவரை அளத்தல் ஆகாது. ஆட்சியில் அமர்ந்த காலத்தையும் சேர்த்தே அளத்தல் வேண்டும். நம் குறையைப் பிறர் பேசுவர் என்றிராமல், நாமே கற்று, நாமே பேச முன்வருதலே இளைஞர் இவ்வரலாற்றிற் பெறும் பாடமாகும்.