ஆடு, அடுப்பு, மரம்: பாலைவனத்தைத் தடுக்கக் கிளம்பிய அதிபர்... யார் இந்த தாமஸ் சங்கரா?

ஒரு நாட்டின் அதிபர் போராட்டம் அறிவிக்கிறார். எதிரி யார் தெரியுமா? காட்டுத் தீ, கட்டுப்பாடில்லாமல் மேயும் ஆடு மாடுகள், கண்டபடி மரம் வெட்டும் கோடாரி. 1985 ஏப்ரலில் மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவில்தான் இது நடந்தது. அறிவித்த தாமஸ் சங்கராவுக்கு அப்போது வயது 35.

சிவப்புத் தொப்பி, ராணுவ உடை, ஆப்பிரிக்காவின் சே குவேரா என்ற பட்டம். சங்கரா என்றால் பலருக்கும் இதுதான் தெரியும். அவர் மண்ணோடு மல்லுக்கட்டிய கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1949 டிசம்பர் 21-ம் தேதி யாகோ என்ற ஊரில் பிறந்தார். அப்போது நாட்டின் பெயர் அப்பர் வோல்டா, பிரெஞ்சு காலனி. ராணுவத்தில் சேர்ந்தவரை அதிகாரி பயிற்சிக்காக மடகாஸ்கர் அனுப்பினார்கள். அங்கே கிராம வளர்ச்சிப் பணி செய்யும் படைப்பிரிவு ஒன்றிலும் கொஞ்ச காலம் இருந்தார். சிப்பாய் என்றால் துப்பாக்கி மட்டும்தானா என்ற கேள்வி அங்கேதான் வலுத்திருக்க வேண்டும்.

ஊர் திரும்பியபோது நிலைமை மோசம். சஹாராவுக்குத் தெற்கே இருக்கும் சஹேல் பகுதியை நீண்ட வறட்சி வாட்டிக்கொண்டிருந்தது. பயிர் கருகியது, கால்நடைகள் செத்தன, மக்கள் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள்.

1983 ஆகஸ்ட் 4-ல் நடந்த ராணுவப் புரட்சி, 33 வயது சங்கராவை ஆட்சியில் உட்காரவைத்தது. படையோடு தலைநகருக்கு வந்து அதை நடத்திக் கொடுத்தவர் நெருங்கிய நண்பர் பிளேஸ் கம்பாவோரே. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள். சரியாக ஒரு வருடம் கழித்து நாட்டின் பெயரும் மாறியது.

மரம் நட்டால் மட்டும் போதுமா?

போதாது என்பதுதான் சங்கராவின் கணக்கு. கன்றை நட்டால் ஆடு மேய்ந்துவிடும். ஆட்டைக் கட்டிப்போட்டால், காய்ந்த புல்லுக்கு வைக்கிற தீ பரவி வந்து எரிக்கும். அதையும் தாண்டி வளர்ந்த மரம் அடுப்புக்குப் போய்விடும். ஏனென்றால் நாட்டில் பெரும்பாலான வீடுகளில் விறகுதான் எரிபொருள். மரம் போனால் மேல்மண் போகும், மண் போனால் கம்பும் சோளமும் போகும். வனத்துறை ஒரு பக்கம், விவசாயத்துறை ஒரு பக்கம் என்று தனித்தனியாகப் பார்த்தால் வேலைக்கு ஆகாது.

அதனால் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் கை வைத்தார். கிராமந்தோறும் நாற்றங்கால். விறகு வெட்டவும் விற்கவும் கட்டுப்பாடு. மூன்று கல் அடுப்புக்குப் பதில், விறகைக் குறைவாகத் தின்னும் மண் அடுப்பு. கல்யாணம், பெயர் சூட்டு விழா என்றால் மரம் நட வேண்டும். தலைநகரில் அரசு வீடு வாங்குபவர் கன்றுகளை நட்டு வளர்ப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும். ஏமாற்றினால் வீடு காலி! 15 மாதங்களில் 1 கோடி மரக்கன்றுகள் நட்டதாக அரசு அறிவித்தது. நட்டதெல்லாம் பிழைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வடக்கே யடெங்கா பகுதியில் நடந்ததுதான் இன்னும் சுவாரஸ்யம். இது சங்கரா தொடங்கியது அல்ல. அவருக்கு முன்பே விவசாயிகளும் ஒரு தொண்டு நிறுவனமும் ஆரம்பித்த வேலை. வயலில் சம உயரத்துக்குக் கற்களை வரிசையாக அடுக்குவார்கள். மட்டம் பார்க்கப் பெரிய கருவியெல்லாம் இல்லை, நம்ம ஊர் கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் மாதிரி ஒன்றுதான். ஓடுகிற மழைநீர் கல்லில் முட்டி நிற்கும், வண்டல் படியும், அதோடு வந்த விதைகள் தானாக முளைக்கும். வயலும் காடும் ஒரே கல்வரிசையில் மீண்டன. இப்படிப்பட்ட வேலைகளுக்கு அவரது ஆட்சியில் நல்ல வேகம் கிடைத்தது.

மறுபக்கம்

எல்லாமே மேலிருந்து வந்த உத்தரவு. மேய்ச்சலை நம்பியவர்களுக்கும், விறகு விற்றுப் பிழைத்தவர்களுக்கும் இது நேரடி அடி. எதிர்ப்பைச் சகித்துக்கொள்ளும் ஆட்சியாகவும் அது இல்லை. 1984-ல் வேலைநிறுத்தம் செய்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் மொத்தமாக வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். சின்ன ரெனோ 5 காரில் போன எளிமையான அதிபர்தான், ஆனா இதுவும் அவர் செய்ததுதான்.

1987 அக்டோபர் 15. தலைநகர் வாகடூகுவில் கூட்டத்தில் இருந்தபோது துப்பாக்கியோடு வந்தவர்கள் சுட்டார்கள். சங்கராவும் உடனிருந்த 12 பேரும் இறந்தார்கள். அவருக்கு வயது 37. அடுத்து ஆட்சிக்கு வந்தவர் அதே கம்பாவோரே. 27 வருடம் இருந்தார், சங்கராவின் கொள்கைகள் பலவற்றைத் திருப்பிப்போட்டார். 2014-ல் மக்கள் எழுச்சி அவரை நாட்டைவிட்டே ஓடவைத்தது.

2022 ஏப்ரலில் ராணுவ நீதிமன்றம், சங்கரா கொலை வழக்கில் கம்பாவோரேவுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. தீர்ப்பு வந்த நாளில் அவர் நாட்டில் இல்லை. யடெங்காவில் கல்வரிசை போடுவது மட்டும் இந்த ஆட்சி மாற்றங்களோடு நிற்கவில்லை. கற்றுக்கொண்ட விவசாயிகள் பக்கத்து ஊர்களுக்கும் அதைக் கொண்டுபோனார்கள்.