அந்தமான் போகுமுன் ஹால்டேனைத் தெரிந்துகொள்ளுங்கள்

விடுமுறைக்கு அந்தமான் போகும் நம் சங்கக் குடும்பங்கள் சில இப்போது ஸ்கூபா டைவிங்கும் செய்துவிட்டு வருகின்றன. நீங்களும் போவதாக இருந்தால் ஜே.பி.எஸ். ஹால்டேன் என்ற விஞ்ஞானியின் கதை உங்களுக்குத்தான்.

1892-ல் ஆக்ஸ்போர்டில் பிறந்தவர். அப்பா ஜான் ஸ்காட் ஹால்டேன் உடலியல் அறிஞர். நாம் இழுக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். உடம்புக்கு அதனால் உபயோகம் இல்லை. ஆனால் கடலுக்கடியில் அழுத்தம் கூடக் கூட, அது ரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்து சேரும். மேலே வரும்போது ரத்தம் அதை நுரையீரலுக்குக் கொண்டுவரும். மூச்சோடு வெளியே போய்விடும். அவசரமாக வந்தால் கோலி சோடாவை உடைத்த கதைதான். உடம்புக்குள் குமிழ்கள். மூட்டுவலியில் தொடங்கிக் கைகால் விழுந்துபோவது வரை ஆகலாம். அப்பா ஆடுகளை வைத்துச் சோதித்து, நின்று நின்று மேலே வருவதற்கான அட்டவணையை 1908-ல் வெளியிட்டார். ரத்தம் நைட்ரஜனைச் சீக்கிரம் விடும், கொழுப்பு மெதுவாகத்தான் விடும்.

அந்த மிச்சம் கரையில் ஏறிய பிறகும் வெளியேறிக்கொண்டே இருக்கும். விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையைவிடக் குறைவு. எனவே ஒருமுறை மூழ்கினால் 12 மணி நேரமாவது, பலமுறை மூழ்கினால் 18 மணி நேரமாவது கழித்தே விமானம் ஏறுங்கள். புதுச்சேரியில் மூழ்கிவிட்டு பஸ்ஸில் காஞ்சிபுரம் திரும்புவோருக்கு இந்தக் கவலை இல்லை, வழியெல்லாம் சமவெளி.

மகனுக்கு வருவோம். அளவு பொருந்தாத டைவிங் உடையை மாட்டி, சிறுவனாக இருந்தபோதே அப்பா கடலில் இறக்கிவிட்டார். உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. இன்று எந்த வீட்டில் சம்மதிப்பார்கள்?

1939-ல் 'தீட்டிஸ்' நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் இறந்தனர். காரணம் தேடும் வேலை ஹால்டேனிடம் வந்தது. அழுத்த அறைக்குள் தாமே போய் உட்கார்ந்தார். ஆக்சிஜன் சோதனை ஒன்றில் வலிப்பு வந்து முதுகெலும்பு நசுங்கியது. செவிப்பறையும் கிழிந்தது.

1957-ல் கல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். ஜிப்பா, சைவச் சாப்பாடு, இந்தியக் குடியுரிமை என்று இங்கேயே தங்கிவிட்டார். 1964 டிசம்பர் 1 அன்று புவனேஸ்வரில் புற்றுநோயால் இறந்தார். அவர் விரும்பியபடியே உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரி மாணவர்களின் படிப்புக்குப் போய்ச் சேர்ந்தது.