ராபர்ட் புரூஸ் பூட் துரை

கண்ணுடையார் யாவரும் காண்பர். கண்டதைக் குறித்து வைப்பார் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவராகிய ராபர்ட் புரூஸ் பூட் என்பாரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

இவர் 1834-ஆம் ஆண்டு இங்கிலாந்திலுள்ள செல்டன்ஹாம் நகரிற் பிறந்தார். 1858-இல் இந்திய நிலநூல் ஆய்வுத் துறையிற் சேர்ந்து, 1891 வரை முப்பத்து மூன்றாண்டு பணிபுரிந்தார். சென்னை மாகாணத்துப் பாறைகளையும் மண்ணையும் ஆராய்வதே அவர்தம் கடமை. படம் வரைதலோ ஊதியம் கருதாத விருப்பத் தொழில். கூடாரம் அடித்து ஊர்தோறும் தங்கிய வாழ்க்கையில், சுத்தியலும் குறிப்பேடும் போலவே எழுதுகோலும் வண்ணமும் அவருக்கு உற்ற துணையாயின. மலையின் சாய்வையும் பாறையின் அடுக்கையும் வரைய முயல்வோன், அவற்றை ஒருமுறைக்குப் பன்முறை உற்று நோக்கல் வேண்டும். அவ்வாறு பழகிய கண்ணே பின்னர் அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது எனல் மிகையாகாது.

கண்ணுக்குத் துணை நின்றது கல்வி. பிரான்சு நாட்டில் சோம் ஆற்றுப் படுகையிற் கிடைத்த கல்லாயுதங்கள் பழங்கால மனிதர் செய்தனவே என்பதை, 1859-இல் பிரெஸ்ட்விச், எவான்ஸ் என்னும் அறிஞர் இருவர் உறுதிப்படுத்தினர். அச்செய்தியைக் கற்றறிந்த பூட், அத்தகைய கருவிகள் இந்நாட்டிலும் இருத்தல் கூடும் என்று எண்ணித் தேடலானார். 1863 மே 30-ஆம் நாள், பல்லாவரத்துப் படை மைதானத்தருகே சரளைக்கல் தோண்டிய குழியொன்றிற் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். பலரும் மிதித்துச் சென்ற நிலத்திலே கிடந்த கல் அது! அவ்வாண்டு செப்டம்பரில், தம் தோழர் வில்லியம் கிங்குடன், கொற்றலையாற்றுப் புறத்து அத்திரம்பாக்கத்திலும் அத்தகையன பல கண்டார். அவ்விடத்துக் கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுத் தொன்மையுடையன என 2011-இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

எடுத்த கல் ஒவ்வொன்றும் எவ்வூரில், எவ்வகை நிலத்தில் கிடைத்தது என்று குறித்து வைத்தமையே அவர்தம் பழக்கங்களுட் தலையாயது. இடம் அறியப்படாத கல் வெறுங் கல்லே. குறிப்புடைய கல்லோ வரலாறு பேசும். சேர்வராயன் மலையிற் கிடைத்த புதிய கற்காலக் கருவிகளையும் அவர் இவ்வாறே தொகுத்தார். அத்தொகுதி சென்னை அரசினர் அருங்காட்சியகத்தை அடைந்தது. அதனை விளக்கி அவர் எழுதிய நூல், அவர் மறைந்தபின் 1916-இல் வெளிவந்தது. ஆசிரியர் இல்லாத காலத்தும் அவர்தம் குறிப்புகள் பின்வந்தோர்க்கு வழிகாட்டின.

தமிழ் பயிலும் நமக்கு இன்னொரு செய்தியும் இனிமை பயக்கும். பூட்டின் மாமனார், பீற்றர் பெர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கொண்டு வேதாகமத்தைத் தமிழில் ஆக்கியவர் அவரே. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவரும் அவரே. அவர் 1882-இல் ஏற்காட்டில் உயிர் நீத்தார். மாமனார் மக்கள் நாவில் உலவிய சொற்களைத் திரட்டினார். மருகர் மக்கள் காலடியிற் கிடந்த கற்களைத் திரட்டினார். எளியதென்று பிறர் விடுத்ததை இருவரும் போற்றினர்.

ஓய்வு பெற்றபின் பரோடா, மைசூர் சமஸ்தானங்களிலும் பணியாற்றிய பூட், ஏற்காட்டைத் தம் இல்லமாகக் கொண்டார். 1912 டிசம்பர் 29-இல் கல்கத்தாவிற் காலமானார். அவர் உடலின் சாம்பல் ஏற்காட்டுப் பரிசுத்த திரித்துவ ஆலயத்தில் அடக்கஞ் செய்யப்பெற்றது.

மாணவ நண்பர்காள்! ஏற்காடு முதல் தலைச்சோலை வரை அம்மலைச் சிற்றூர்களிலும், நாம் பிறந்த ஊர்களிலும், எழுதப்படாத சொற்களும் வரையப்படாத காட்சிகளும் இன்னும் எத்துணையோ உள. அவற்றை அறிந்த முதியோர் நாள்தோறும் மறைகின்றனர். அவர்களோடு அவையும் மறையாவண்ணம், விடுமுறைக்கு ஊர் செல்லும்போது குறிப்பேடு ஒன்றை உடன் கொண்டு செல்வோமாக.