தமிழின் முதல் பேசும்பட நாயகி, முதல் பெண் இயக்குநர்: யார் இந்த டி.பி.ராஜலட்சுமி?

இன்னிக்கு ஒரே ஆள் கதை எழுதி, நடிச்சு, பாடி, எடிட் பண்ணி வெளியிட்டா, அவரை மல்டிமீடியா ஆர்ட்டிஸ்ட் என்கிறோம். கையில் ஒரு போனும் லேப்டாப்பும் போதும். இதே வேலைகளில் பெரும்பாலானவற்றை 1930-களிலேயே செய்தவர் காவிரிக்கரையில் பிறந்த ஒரு பெண். நாடகம், நாவல், நடிப்பு, பாட்டு, தயாரிப்பு, இயக்கம் என எல்லாவற்றிலும் அவர் பெயர் இருந்தது. ஆனால், அவர் இயக்கிய முதல் படத்தின் பிரதி இன்று இல்லை.

இனிஷியலிலேயே திருவையாறு

ராஜலட்சுமி 1911 நவம்பர் 11-ல் தஞ்சை மாவட்டம் திருவையாறில் பிறந்தார். 'டி' என்பது ஊர். 'பி' என்பது அப்பா பஞ்சாபகேச சாஸ்திரி. பஞ்சாபகேசன் என்பதே திருவையாறு ஐயாறப்பரின் பெயர்தான். அதனால் இரண்டு எழுத்துமே சொந்த ஊரைத்தான் சொல்கின்றன.

அப்பா கிராமக் கணக்குப்பிள்ளை. ஆசாரமான குடும்பம். அந்தக் கால வழக்கப்படி ஏழெட்டு வயதிலேயே ராஜலட்சுமிக்குக் கல்யாணம் முடிந்தது. வரதட்சணைப் பிரச்சினையில் சிறுமி பிறந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டார். கொஞ்ச காலத்தில் அப்பாவும் இறந்துவிட்டார். பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கிய சாரதா சட்டம் 1929-ல்தான் வந்தது. ராஜலட்சுமிக்கு அது ரொம்பவே தாமதம்.

அம்மா மீனாட்சியும் மகளும் பிழைப்பு தேடித் திருச்சிக்குப் போனார்கள். ராஜலட்சுமியிடம் இருந்த ஒரே சொத்து குரல்.

மேடை ஏறியது ஏன் பெரிய விஷயம்?

சங்கீதம் விளைந்த ஊர் திருவையாறு. ஆனால், அங்கே தியாகராஜர் ஆராதனையில் பெண்கள் பாட அப்போது இடமில்லை. தியாகராஜருக்குத் தன் சொத்தைப் போட்டு சமாதிக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்னம்மாளே, 1927-ல் பெண்களுக்கெனத் தனி ஆராதனை நடத்த வேண்டியிருந்தது. பாட்டுக்கே இந்த நிலை என்றால் நாடகத்துக்குக் கேட்கவே வேண்டாம்.

டெல்டாவில் பெண்கள் மேடை ஏறாமல் இல்லை. கும்பகோணம் பாலாமணி முழுக்கப் பெண்களை வைத்தே நாடக கம்பெனி நடத்தியவர். ஆனால், அவர்கள் பரம்பரையாகக் கலையில் இருந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அக்ரஹாரத்துப் பெண் அரிதாரம் பூசுவது என்றால் உறவு மொத்தமும் கதவைச் சாத்திவிடும். அதைத் தெரிந்தேதான் சாமண்ணாவின் நாடகக் குழுவில் ராஜலட்சுமி சேர்ந்தார்.

அன்றைய ஸ்பெஷல் நாடகங்கள் லேசான காரியம் இல்லை. வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஒரே ராத்திரிக்காக ஒன்றுசேர்வார்கள். ஒத்திகை கிடையாது. எதிரில் இருப்பவர் எந்தப் பாட்டை எடுத்தாலும் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். மைக் இல்லாமல் கடைசி வரிசைக்கும் குரல் எட்ட வேண்டும். கிட்டப்பா, தியாகராஜ பாகவதர் போன்றவர்களோடு நடித்து இந்தப் பள்ளியில் ராஜலட்சுமி தேறினார். மேடையில் தேசபக்திப் பாடல்கள் பாடியதற்காகச் சிறைக்கும் போனார்.

'காளிதாஸ்' வாய்ப்பு எப்படி வந்தது?

சில மௌனப் படங்களிலும் அவர் தலைகாட்டியிருந்தார். 1931 மார்ச்சில் பம்பாயில் 'ஆலம் ஆரா' பேச ஆரம்பித்ததும் சினிமாவின் கணக்கே மாறியது. பின்னணிப் பாடல் முறை அப்போது கிடையாது. நடிப்பவரே கேமரா முன்னால் பாட வேண்டும், அது அப்படியே பதிவாகும். அழகான முகம் மட்டும் இனி போதாது. நாடக மேடையில் பழகிய தொண்டை தேவைப்பட்டது.

1931 அக்டோபர் 31-ல் 'காளிதாஸ்' வெளியானது. தயாரிப்பு அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனி, இயக்கம் எச்.எம்.ரெட்டி. நாயகி தமிழில் பேச, நாயகன் பி.ஜி.வெங்கடேசன் தெலுங்கில் பேசினார். யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை. திரை பேசியதே அதிசயம். புராணக் கதைக்கு நடுவே காந்தியின் ராட்டையைப் பற்றியும் ஒரு பாட்டு இருந்தது. ராஜலட்சுமி 'சினிமா ராணி' ஆனார்.

1933-ல் 'வள்ளி திருமணம்'. கல்கத்தாவில் எடுக்கப்பட்டு நல்ல வசூல் பார்த்த படம். அதில் நாரதராக நடித்த டி.வி.சுந்தரத்தை ராஜலட்சுமி திருமணம் செய்துகொண்டார். ஏழெட்டு வயதில் கேட்காமலே கட்டிவைக்கப்பட்ட பெண், இந்த முறை தானே முடிவெடுத்தார்.

கேமராவுக்குப் பின்னால்

நடிகையாக இருந்தபடியே அவர் நாவலும் எழுதினார். தன் 'கமலவல்லி' நாவலை 1936-ல் 'மிஸ் கமலா' என்று படமாக்கினார். கதை, தயாரிப்பு, இயக்கம், நாயகி வேடம் எல்லாமே அவர்தான். இந்தியாவின் முதல் பெண் இயக்குநராக அறியப்படுபவர் 1926-ல் படம் எடுத்த பாத்மா பேகம். தென்னிந்தியாவில் அந்த இடம் திருவையாறு ராஜலட்சுமிக்கு. மகளுக்கும் கமலா என்றே பெயர் வைத்தார்.

பிறகு 'மதுரை வீரன்' படத்தை இயக்கினார். விடுதலை உணர்வைப் பேசிய 'இந்தியத் தாய்' படமோ ஆங்கிலேயத் தணிக்கையில் சிக்கிப் பெரிய நஷ்டம் கொடுத்தது. பணம் போட்டதும் அவரே, இழந்ததும் அவரே. 1940-களில் புது முகங்கள் வந்தன, வாய்ப்புகள் குறைந்தன. 1961-ல் மாநில அரசின் விருது கிடைத்தது. 1964 ஆகஸ்ட் 20-ல் சென்னையில் காலமானார்.

இன்று என்ன மிச்சம்?

'காளிதாஸ்' படத்தின் பிரதி இல்லை. 'மிஸ் கமலா'வும் இல்லை. அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் சீக்கிரம் தீப்பிடிக்கும், நம்ம ஊர் வெக்கையில் தானாகவே கெட்டும் போகும். ஓடி முடிந்த படத்தைப் பத்திரப்படுத்த வேண்டும் என்ற எண்ணமும் அன்று யாருக்கும் இல்லை. இந்தியாவின் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியதே 1964-ல்தான். ராஜலட்சுமி இறந்ததும் அதே வருஷம்.

ஸ்டில்கள், விளம்பரங்கள், பாட்டுப் புத்தகங்கள் வழியாகத்தான் இன்று அவரைப் பார்க்க முடிகிறது. ஒரு பெண் தமிழில் முதன்முதலாக ஒரு ஷாட்டை எப்படி வைத்தார், எந்த இடத்தில் வெட்டினார் என்பதை நாம் இனி தெரிந்துகொள்ளவே முடியாது. ஹார்டு டிஸ்க்கில் கிடக்கும் உங்கள் குறும்படத்துக்கு இன்னொரு காப்பி எடுத்து வைத்திருக்கிறீர்களா?