மொன்ட்ராகோன் ஊரின் துணைக்குரு

கூட்டுறவு என்றதும் உங்களில் மூத்தவர்களுக்குச் சங்கக் கடையும் கூப்பன் புத்தகமும் நீண்ட கியூவுமே நினைவுக்கு வரும். அந்த நினைவைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, ஸ்பெயின் நாட்டின் வடக்கே பாஸ்க் மலைகளுக்கிடையில் இருக்கும் மொன்ட்ராகோன் என்னும் சிற்றூருக்கு எம்மோடு வாருங்கள். 1941 பெப்ரவரி 5ஆம் திகதி அங்கே துணைக்குருவாக வந்து சேர்ந்தார் 25 வயதுடைய இளங்குரு ஒருவர். ஹோசே மரியா அரிஸ்மென்டியரியெட்டா என்பது அவர் பெயர். நாவுக்குச் சிரமமான பெயர்தான்; ஊரவர்களுக்கு அவர் டொன் ஹோசே மரியா.

1915இல் கமக்காரக் குடும்பமொன்றிற் பிறந்தவர். சிறு பிள்ளையாயிருக்கும்போதே விபத்தொன்றில் இடக்கண் பார்வையை இழந்தார். உள்நாட்டுப் போரின்போது பாஸ்க் மொழிப் பத்திரிகையில் எழுதிய குற்றத்துக்காகச் சிறைப்பட்டு, உயிர்தப்பி வெளியே வந்து குருமடப் படிப்பை முடித்தார். பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்க ஆசைப்பட்டார். மேலதிகாரிகளோ மொன்ட்ராகோனுக்குப் போகச் சொன்னார்கள். கீழ்ப்படிந்து போனார்.

அவருடைய பிரசங்கம் ஆரம்பத்தில் மக்களுக்குப் பிடிக்கவில்லை. பேச்சுச் சாதுரியம் அவரிடம் இருக்கவில்லை. ஆனால் கண் ஒன்றே ஆனாலும் ஊரை நன்றாகப் பார்த்தார். போரினால் நொந்திருந்த அவ்வூரில் பெரிய தொழிற்சாலை ஒன்றுதான் இருந்தது. அதன் பயிற்சிப் பள்ளியில் பெரும்பாலும் அங்கு வேலை செய்வோரின் பிள்ளைகளுக்கே இடம். மற்றப் பிள்ளைகளையும் சேர்க்கும்படி குருவானவர் கேட்டார், கம்பனி மறுத்துவிட்டது. தெருமுனைகளிற் பெட்டிகள் வைத்து, விருப்பமானவர்கள் பணமோ வாக்குறுதியோ எழுதிப் போடும்படி செய்தார். ஏறக்குறைய 600 பேர் முன்வந்தார்கள். 1943இல் 20 மாணவருடன் தொழிற்பள்ளி தொடங்கிற்று.

அங்கு படித்தவர்களுள் 11 பேர் வேலை செய்துகொண்டே சரகோசா பல்கலைக்கழகத்தின் பரீட்சைகளை எழுதித் தொழில்நுட்பப் பட்டம் பெற்றார்கள். தொழிலாளருக்கும் பங்கு கொடுங்கள் என்று தம் கம்பனியைக் கேட்டுப் பயனில்லாமற் போகவே, ஐவர் விலகினர். ஊரவர் நூறு பேரளவில் அவர்களை நம்பிக் கடன் கொடுத்தார்கள். சேர்ந்தது ஒரு கோடியே பத்து இலட்சம் பெசேத்தா. 1956இல் உல்கோர் என்ற பெயரில் மொன்ட்ராகோனிலேயே அடுப்புச் செய்யும் தொழிற்சாலை எழுந்தது. வேலை செய்பவரே உரிமையாளர். முதலீடு எவ்வளவானாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. மிகக் கூடிய சம்பளம் மிகக் குறைந்ததின் மும்மடங்குக்கு மேற்படலாகாது என்பது விதி.

குருவானவர் இதோடு நிற்கவில்லை. சேமிப்பு வங்கி ஒன்று வேண்டும் என்றார். உழைப்பவன் மிச்சம் பிடிக்கும் காசு தூரத்து நகர வங்கிக்குப் போய், அங்கிருந்து யாரோ ஒருவருடைய தொழிலுக்குப் போகுமானால், அந்த உழைப்பாளியின் மகனும் ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதே நகரத்துக்குப் போகத்தான் வேண்டும். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு வழியனுப்பிய வீடுகளில் இதற்கு விளக்கம் தேவையில்லை. இளைஞர்களோ அடுப்புச் செய்யும் எமக்கு வங்கி எதற்கென்று கையை விரித்துவிட்டார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? நடவாத கூட்டமொன்றை நடந்ததாக எழுதி, வேண்டிய கையொப்பங்களைத் தாமே இட்டு அனுப்பிவிட்டார்! ஒரு குருவானவருக்கு அடுக்காத காரியம்தான். நாம் அதை நியாயப்படுத்த வரவில்லை. 1959இல் அந்த மக்கள் வங்கி பிறந்தது. ஊர்ப் பணம் ஊரிலேயே புதுத் தொழில்களாக முளைத்தது. கூட்டுறவாளர் தொழிலாளரல்லர் என்று அரசாங்கம் சமூகக் காப்புறுதியை மறுத்தபோது, அதையும் தாங்களே அமைத்துக்கொண்டார்கள்.

எல்லாம் சுமுகமாக நடந்ததென்று எண்ணவேண்டாம். 1974இல் உல்கோரிலேயே வேலைநிறுத்தம் ஏற்பட்டு, 17 பேர் வெளியேற்றப்பட்டார்கள். தொழிற்சாலை பெருத்துவிட்டால் பங்காளிக்கும் தான் கூலியாள் என்ற எண்ணம் வந்துவிடுகிறது போலும்.

இருதய நோயால் வருந்திய டொன் ஹோசே மரியா 1976 நவம்பர் 29ஆம் திகதி இறந்தார். பங்குக்குருவாகக்கூட ஆகாமல், இறுதிவரை துணைக்குருவாகவே இருந்தார். தாம் உருவாக்கிய எந்தச் சங்கத்திலும் உறுப்பினராகவில்லை, பங்கு எடுக்கவில்லை. ஊருக்குள் சைக்கிளிலேயே திரிந்தவர்.

அவருக்குப் பின் உலகச் சந்தை மொன்ட்ராகோனின் வாசலுக்கு வந்தது. உல்கோரின் வழிவந்த ஃபாகோர் நிறுவனம் போட்டிக்கு ஈடுகொடுக்க போலந்து, மொரோக்கோ, சீனா என்று தொழிற்சாலைகளை விரித்தது. பிரான்சில் கடன்பட்டுப் பெரிய கம்பனி ஒன்றை வாங்கியது. அந்நாடுகளில் வேலை செய்தோர் பங்காளிகளாக அல்ல, வெறும் கூலிக்காரராகவே வைக்கப்பட்டனர். எமது அபிப்பிராயத்தில், மூலக் கருத்து தளர்ந்த இடம் அதுவே. 2008இன் பின் ஸ்பெயினில் வீடு கட்டுவது நின்றுபோக, அடுப்பும் குளிர்சாதனப் பெட்டியும் வாங்குவாரில்லை. 2013இல் ஃபாகோர் முறிந்தது. பாஸ்க் நாட்டிலிருந்த பங்காளிகளுள் பெரும்பாலோருக்கு மற்றக் கூட்டுறவுகள் வேலையோ முன்கூட்டிய ஓய்வோ கொடுத்துத் தாங்கிக்கொண்டன. சேமிப்பைக் கடனாகக் கொடுத்திருந்த ஊர்க் குடும்பங்கள் பல அதை இழந்தன. போலந்திலும் மொரோக்கோவிலும் இருந்தவர்களுக்கு அந்தக் கூட்டுறவுத் தாங்குதல் கிடைக்கவில்லை.

இரண்டு ஆண்டுகளின் பின், 2015 டிசம்பரில், திருத்தந்தை பிரான்சிஸ் டொன் ஹோசே மரியாவின் வீரத்துவமான புண்ணியங்களை ஏற்று, அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார். தொழிற்பள்ளியாகத் தொடங்கியது இன்று பல்கலைக்கழகமாக அதே ஊரில் நடக்கிறது.